எஃப்.டி.8 தொடர்பு லாக்கில் ஏறவில்லையா?

ஹாம் ரேடியோவில், கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்.டி.8 முறையில் எதிர்முனைக்காரர் 73 (விடைபெறும் வாழ்த்து) அனுப்பிவிட்டார், ஆனால் உங்கள் லாக்கில் (தொடர்புப் பதிவேட்டில்) அவரைக் காணோம். அவசரப்பட்டு மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். நான் எஃப்.டி.8-க்கு டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸும் லாக்குக்கு லாக்4ஓஎம்மும் வைத்திருக்கிறேன். வேறு லாக் மென்பொருள் என்றாலும் தேடும் வரிசை இதுதான்.

முதலில், தொடர்பு பதிவானதா? டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸின் ஃபைல் மெனுவில் ‘ஓப்பன் லாக் டைரக்டரி’யை அழுத்தி, அங்குள்ள ஏ.டி.ஐ. கோப்பை நோட்பேடில் திறங்கள். கடைசி வரியில் அவர் கால்சைன் (நிலைய அடையாளக் குறி) இருக்க வேண்டும். இல்லையென்றால், ‘லாக் கியூ.எஸ்.ஓ.’ பெட்டி வந்தபோது ஓகே அழுத்தாமல் விட்டிருப்பீர்கள்.

அந்தக் கோப்பைத் திருத்துவதானால் கவனம். கால்சைனுக்கு முன்னால் ‘கால்:6’ என்று இருக்கும். 6 என்பது எழுத்துகளின் எண்ணிக்கை. கால்சைனில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு 6-ஐ 7 ஆக்க மறந்தால், லாக்கில் ஏற்றும்போது கடைசி எழுத்து போய்விடும்.

கோப்பில் பதிவு இருந்தும் லாக்கில் இல்லையென்றால், டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸின் செட்டிங்ஸில் ரிப்போர்ட்டிங் பக்கம் போங்கள். யூ.டி.பி. சர்வர் 127.0.0.1, போர்ட் 2237 என்று இருக்கவேண்டும்; பதிவு லாக் மென்பொருளுக்குப் போவது இந்த வழியாகத்தான். லாக் மென்பொருளிலும் அதே போர்ட் எண் இருக்கவேண்டும். வேறொரு மென்பொருள் அந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை மூடிவிட்டுப் பாருங்கள். விடுபட்டவற்றை அந்த ஏ.டி.ஐ. கோப்பிலிருந்தே இம்போர்ட் செய்துகொள்ளலாம்.

சரி, லாக்கில் ஏறிவிட்டது. ஆனால் லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் (இருவர் லாக்கையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதிசெய்யும் இணையச் சேவை) ஒன்றுகூட உறுதியாகவில்லையா? நான் இதில்தான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விண்டோஸின் நேர மண்டலம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம், லாக்கில் பதிவாவது இதுதான்) இருந்தது தெரியாமல், கடிகாரத்தை மட்டும் நம்மூர் நேரத்துக்குக் கையால் மாற்றியிருந்தேன். எஃப்.டி.8 பார்ப்பது 15 விநாடித் துண்டுகளை மட்டும்தான். ஐந்தரை மணி நேரம் பிசகினாலும் விநாடி சரியாக இருந்தால் தொடர்பு ஜோராக நடக்கும். லாக்கில் மட்டும் நேரம் தப்பு. லாக்புக் ஆஃப் தி வேர்ல்டிலோ இருவர் லாக்குக்கும் 30 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொருந்தாது.

டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் திரையில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். இந்திய நேரம் காலை 4 மணி என்றால் அது 22:30 காட்டவேண்டும், தேதியும் முந்தின நாளாக இருக்கவேண்டும். இல்லையென்றால் நேர மண்டலத்தையும் கடிகாரத்தையும் சரிசெய்யுங்கள். அப்புறம் லாக்கை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தப்பான பதிவுகளில் நேரத்தையும் தேதியையும் திருத்தி மறுபடி ஏற்றுங்கள். முன்பு ஏற்றியதை அங்கிருந்து நீக்க முடியாது. அது பாட்டுக்குக் கிடக்கட்டும், இடைஞ்சல் இல்லை.