பழைய வால்வை சாக்கெட்டில் செருகும் முன்

பழைய பவர் வால்வு (ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்மிட்டர்களில் வரும் கண்ணாடி வெற்றிடக் குழாய்) கையில் கிடைத்தால் உடனே சாக்கெட்டில் செருகாதீர்கள். முதலில் கண்ணாடியின் உள்பக்கம், பெரும்பாலும் உச்சியில், ஒட்டியிருக்கும் பளபளப்பான பூச்சைப் பாருங்கள். வெள்ளியாகவோ கருப்பாகவோ மின்னினால் மேற்கொண்டு சோதிக்கலாம். பால் போல வெளுத்திருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, வால்வு அவ்வளவுதான்.

அந்தப் பூச்சு பேரியம். உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சத்தான் அதை வைக்கிறார்கள், காற்று பட்டால் ஆக்சைடாகி வெளுத்துவிடும்.

அடுத்து மல்டிமீட்டர். இஎல்84 (ஆம்ப்ளிஃபயர்களில் வரும் சிறிய பவர் வால்வு) என்றால் கீழிருந்து பார்த்து, பின் வரிசையில் உள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணி, 4, 5 பின்களுக்கு இடையே ஹீட்டரை, அதாவது உள்ளே சூடேறும் இழையை, அளக்கலாம். 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் இழுப்பதால் கணக்குப்படி எட்டு ஓம் சொச்சம் வரவேண்டும். ஆனால் குளிர்ந்த நிலையில் ஓரிரு ஓம்தான் காட்டும், ஷார்ட் என்று பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டாவிட்டால்தான் இழை அறுந்திருக்கிறது.

பின்கள் கறுத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். கண்ணாடியில் அச்சிட்ட எழுத்தைத் துடைக்காதீர்கள். லேசாகத் தேய்த்தாலே போய்விடும், அப்புறம் அது எந்த வால்வு என்பதே தெரியாது.

இதெல்லாம் செத்த வால்வைக் கழிக்க மட்டுமே. பூச்சு பளிச்சென்று இருந்தும் எமிஷன், அதாவது எலக்ட்ரான் உமிழும் திறன், குறைந்த வால்வுகள் ஏராளம், அதைக் கண்டுபிடிக்க வால்வு டெஸ்டர்தான் வேண்டும். 3-500இசட் போன்ற டிரான்ஸ்மிட்டர் வால்வுகளில் இந்தப் பூச்சே இருக்காது, அங்கே முதல் சோதனை செல்லாது.