பிஷ் பைண்டர் டிரான்ஸ்டூசரை உங்கள் படகில் எங்கே, எப்படி மாட்டலாம்?

ஒலியை அனுப்பி மீனையும் கடலடியையும் திரையில் காட்டும் பிஷ் பைண்டரை வாங்கப் போகிறவர்கள் திரை எத்தனை இஞ்ச், விலை எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறார்கள். தண்ணீருக்குள் கிடந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கப்போகும் டிரான்ஸ்டூசரை எப்படி மாட்டுவது என்பது கடைசியில், படகடிக்குக் கொண்டுவந்த பிறகு, கையில் அகப்பட்ட ஸ்குருவை வைத்து முடிவாகிறது. இது தலைகீழ் வரிசை. படகு மரமா, பைபரா, இரும்பா? துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறதா, தினமும் அலையைத் தாண்டி மணலில் ஏறுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, அதற்குப் பொருந்தும் டிரான்ஸ்டூசர் எந்த மெஷினுக்குக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும், ஆனால் காற்றுக்குமிழி குறுக்கே வந்தால் அங்கேயே சிதறிப்போகும். புரொப்பெல்லர் கிளப்பும் நுரை, படகின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் வரிக்கட்டைகளுக்குப் பின்னால் உருவாகும் குமிழி, அணியம் (படகின் முன்முனை) அலையில் அடித்து உள்ளே இழுத்துவரும் காற்று, எல்லாமே எதிரிதான். குமிழி வராத தண்ணீர் உங்கள் படகில் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

மணலில் ஏறும் பைபர் படகுக்கு என் பதில் ஒன்றுதான்: பக்கவாட்டில் தூக்கி இறக்கும் கம்பம். பின்பலகையில் நிரந்தரமாக மாட்டினால், அலை படகைத் தூக்கி மணலில் குத்தும் முதல் நாளோ இரண்டாம் நாளோ அந்த பிளாஸ்டிக் பிராக்கெட் போய்விடும், டிராக்டர் வைத்து இழுக்கும் இடமென்றால் சொல்லவே வேண்டாம். கம்பத்துக்கு பிவிசி பைப்பை நிறைய பேர் எடுக்கிறார்கள். நின்று மிதக்கும்போது அது போதும், படகு கொஞ்சம் ஓடினாலே நடுங்கும், திரையில் கடலடியைக் காட்டும் தரைக்கோடும் சேர்ந்து நடுங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் அல்லது கனமான ஜிஐ பைப் நல்லது. விளிம்புப் பலகையில் ஒரு கிளாம்ப், கம்பத்தின் அடிநுனியிலிருந்து அணியத்தைப் பார்த்து ஒரு இழுகயிறு. அந்தக் கயிறு இல்லாவிட்டால் தண்ணீரின் தள்ளுதலில் கம்பம் பின்னால் சாயும், டிரான்ஸ்டூசர் கீழே பார்ப்பதற்குப் பதில் பின்னால் பார்க்கும். வலை இழுக்கும் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஆழத்தைப் பொறுத்தவரை, படகின் அடிப்பக்கத்துக்கும் சற்றுக் கீழே இறங்கினால்தான் படகின் உடம்பே ஒலிக்கு மறைப்பாக வராது. லாங்டெயில் என்ஜின்காரர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு, புரொப்பெல்லர் வெகு பின்னால் சுழல்வதால் நுரைத் தொல்லை குறைவு. குறை என்னவென்றால் வேகமாக ஓடும்போது கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும், அதாவது போகிற வழியில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) தேட முடியாது, இடத்துக்குப் போய் மெதுவாக ஓட்டித்தான் தேட வேண்டும். அப்படித் தேடும்போது, 200 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கூம்பு சுமார் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் தரையில் நீங்கள் பார்ப்பது மூன்றரை மீட்டர் அகல வட்டம்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கிறது, அவுட்போர்டு மோட்டார் என்றால் பின்பலகை சரி. பின்னால் நின்று பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுழன்றால் வலப்பக்கம் மாட்டுங்கள், அந்தப் பக்கம் இலை கீழ்நோக்கி இறங்குவதால் குமிழி குறைவு. புரொப்பெல்லரிலிருந்து 40 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும், மோட்டாரை முழுக்கத் திருப்பினாலும் இடிக்கக்கூடாது. பைபர் படகில் டிரான்ஸ்டூசரின் அடிமுகம் படகின் அடியை விட 3 மி.மீ. அளவுக்குக் கீழே இருப்பது தொடக்கத்துக்குப் போதும். அப்புறம் ஓட்டிப் பாருங்கள்: வேகத்தைக் கூட்டக்கூட எந்த இடத்தில் தரைக்கோடு அறுந்துபோகிறது என்று கவனித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அதிகம் இறக்கினால் தண்ணீர் பின்னால் விசிறியடிக்கும், அப்போது திரும்ப மேலே. இப்படி ஏற்றி இறக்குவீர்கள் என்பதால்தான் நேராகப் பின்பலகையில் துளை போடாதீர்கள் என்கிறேன். தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை முதலில் பொருத்தி, அதில் எத்தனை துளை வேண்டுமானாலும் போடுங்கள். பைபருக்குள் பிளைவுட் இருக்கும் பின்பலகையில் மூடாமல் விட்ட ஒரு பழைய ஸ்குரு துளை போதும், உள்ளே தண்ணீர் இறங்கிப் பலகை உளுத்துவிடும்.

துளையே வேண்டாம், படகுக்குள்ளேயே ஒட்டிவிடலாமே என்பார்கள். ஒட்டலாம், அடிப்பகுதி முழுக்கத் திடமான பைபராக இருந்தால் மட்டும். மரம், போம், தெர்மாகோல் எது நடுவில் இருந்தாலும் ஒலி கீழே போகாது, நம் பைபர் படகுகள் பலவற்றில் மிதப்புக்காகத் தெர்மாகோல் அடைத்த அறைகள் உண்டு, அங்கே தொடவே வேண்டாம். ஒட்டுவதற்கு முன் சோதனை இருக்கிறது. ஒரே இடத்தில் முதலில் டிரான்ஸ்டூசரைப் பக்கவாட்டில் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள், பிறகு படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் வைத்துப் பாருங்கள். இரண்டு படமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஒட்டலாம். ஆனால் இதைப் பாக் நீரிணையின் பத்து மீட்டர் தண்ணீரில் செய்துவிட்டு மன்னார் வளைகுடாவின் ஆழத்துக்குப் போகாதீர்கள், ஆழம் குறைந்த இடத்தில் எந்த மோசமான ஒட்டும் நன்றாகத்தான் காட்டும். பசை மெதுவாக இறுகும் எப்பாக்சி, அரால்டைட் வகை. சிலிகான் கூடாது, குமிழி ஒன்றுகூட உள்ளே மாட்டக்கூடாது. கடல் வெப்பநிலையும் பக்கவாட்டு ஸ்கேனும் இந்த முறையில் கிடைக்காது.

விசைப்படகென்றால் அடியில் துளை போட்டுப் பொருத்துவதுதான் முறை, படமும் அதில்தான் சுத்தம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு எப்படியும் கரையேறும், வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். மரப்படகுக்கு வெண்கலக் கூடு, பிளாஸ்டிக் வேண்டாம், ஏனென்றால் மரம் தண்ணீர் குடித்து உப்பும்போது பிளாஸ்டிக்கை நெரித்து உடைக்கும். இரும்புப் படகில் வெண்கலத்தை நேரடியாக மாட்டினால் துளையைச் சுற்றியுள்ள இரும்பு அரித்துப்போகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். இடம்: அணியத்திலிருந்து நீர்க்கோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்னால், ஏராவை (படகின் அடியில் நடுவே ஓடும் கட்டை) விட்டு 15 முதல் 30 செ.மீ. தள்ளி. அடி சரிவாக இருந்தால் சரிவுக்குத் தக்கபடி சீவிய கட்டையோடு பொருத்த வேண்டும் அல்லது சாய்வான தகடுள்ள மாடல் வாங்க வேண்டும். சிலிகானை விட்டுவிட்டு கடலுக்கென்று விற்கும் சீலன்ட் போடுங்கள். தண்ணீரில் இறக்கியதும் உள்ளே போய்ப் பாருங்கள், அன்று முழுக்க ஆள் இருக்கட்டும், சின்னக் கசிவு மணிக்கணக்கில்தான் தெரியும். கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் சிப்பி போன்ற உயிரி) ஒட்டினால் படம் மங்கும், அதைத் தடுக்க வாட்டர்-பேஸ் பெயின்ட்தான், தின்னர் வகைகள் முகப்பைத் தின்றுவிடும்.

எந்த முறையானாலும் கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள், மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுங்கள், என்ஜின் ஒயரோடு சேர்த்து ஓட்டாதீர்கள். அப்புறம் மெஷின் காட்டும் ஆழம் டிரான்ஸ்டூசரிலிருந்து கீழே உள்ள ஆழம். பெரும்பாலான மெஷின்களில் இதற்கு ஆஃப்செட் இருக்கும்: நீர்மட்டத்திலிருந்து ஆழம் வேண்டுமானால் டிரான்ஸ்டூசர் இறங்கியிருக்கும் அளவைப் பிளஸ்ஸில் கொடுங்கள், ஏராவுக்குக் கீழே எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டுமானால் டிரான்ஸ்டூசருக்கும் ஏராவின் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை மைனஸில். பாகக் கணக்கில் பழகியவர்கள் அலகை ஃபேதம் என்று மாற்றிக்கொள்ளலாம்.