மும்பையில் மின் கம்பெனி மாறுவதற்கு முன்: யூனிட் கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி

செம்பூரிலோ அந்தேரியிலோ குடியிருப்பவருக்கு நாட்டில் பெரும்பாலோருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வீட்டு மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பதை அவரே முடிவு செய்யலாம். டாடா பவர் சில்லறை நுகர்வோருக்கும் மின்சாரம் விற்கலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கம்பெனி போட்ட கம்பி வழியாகவே இன்னொரு கம்பெனியின் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள 2009 அக்டோபரில் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழிசெய்தது. அதனால்தான் புறநகரில் இன்று அதானி எலெக்ட்ரிசிட்டி, டாடா பவர் என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. தாதர், மாட்டுங்கா, தாராவி பக்கம் மாநகராட்சியின் பெஸ்ட். முலுண்ட், பாண்டுப், தானே, டோம்பிவிலி பக்கம் மாநில அரசின் மகாவிதரண். அங்கெல்லாம் இப்படிக் கம்பி மாறாமல் கம்பெனி மாறும் வசதி இல்லை. ஆனால் வீடு மாறும்போதும் ஏசி வாங்கும்போதும் இதே கணக்கு அவர்களுக்கும் உதவும்.

"பக்கத்து வீட்டுக்காரர் மாறினார், பில் குறைந்ததாம்" என்பது ஒரு கணக்கே அல்ல. அவர் வீட்டு யூனிட் வேறு, உங்கள் வீட்டு யூனிட் வேறு. கம்பெனிகளின் விலை வித்தியாசம் எந்த ஸ்லாபில் (யூனிட் கூடக் கூட விலை ஏறும் படியில்) இருக்கிறது, உங்கள் யூனிட் எந்த ஸ்லாபில் விழுகிறது என்ற இரண்டும் பொருந்தினால்தான் லாபம்.

ஊர்ப் பழக்கத்தை முதலில் கழற்றி வையுங்கள்

தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை; இங்கே மாதாமாதம். "ஊரில் அம்மா வீட்டில் 400 யூனிட்தான், இங்கே நமக்கும் 400" என்று ஒப்பிட்டால், உண்மையில் நீங்கள் இரு மடங்கு எரிக்கிறீர்கள்.

அடுத்தது 500 யூனிட் பயம். ஊரில் இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபுகளில் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதி பறிபோகும், ஒரு யூனிட் கூடினாலும் பில் தாவும். மும்பையில் வீட்டு இணைப்புக்கு 0–100, 101–300, 301–500, 500-க்கு மேல் என்று நான்கு படிகள். ஒவ்வொரு படியில் விழும் யூனிட்டுக்கு மட்டும் அந்தப் படியின் விலை. 301-வது யூனிட் எரிந்தால் அந்த ஒரு யூனிட்டுக்குத்தான் கூடுதல் விலை; முதல் 300-இன் விலை மாறாது. நிலைக் கட்டணம் (யூனிட் விலை போக, இணைப்புக்கென்று மாதாமாதம் கட்டும் தொகை) மட்டும் யூனிட்டைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும் அட்டவணைகள் உண்டு, அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லிலிருந்து எதை எடுப்பது

கட்ட வேண்டிய மொத்தத் தொகையை மறந்துவிடுங்கள். அதில் பழைய பாக்கி, முன்பணம், டெபாசிட் தவணை, தாமதக் கட்டணம் எல்லாம் கலந்திருக்கும். வேண்டியது யூனிட்தான். பெரும்பாலான பில்களில் கடந்த மாதங்களின் யூனிட் சிறு வரைபடமாக இருக்கும். அதிலிருந்து 12 மாத எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது இரண்டு இடங்களில் உஷார். முதலாவது, ரீடிங் உண்மையாக எடுத்ததா, வீடு பூட்டியிருந்ததால் சராசரி போட்டதா என்பது. தீபாவளிக்கோ மே மாதத்திலோ ஊருக்குப் போய்விட்டால் இது நடக்கும். சராசரி போட்ட மாதத்தையும் அதற்கு அடுத்த மாதத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். மாதம் முழுதும் பூட்டியிருந்த வீடு என்றால் ஊகித்து அந்த மாதத்துக்குக் குறைவாக வையுங்கள். இரண்டாவது, நாள் கணக்கு. ரீடிங் எடுப்பவர் ஒரே தேதியில் வருவதில்லை. 33 நாளில் 310 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு 9.4, முப்பது நாளுக்கு 282. பார்வைக்கு 300-ஐத் தாண்டிய மாதம், உண்மையில் தாண்டவில்லை.

சராசரி எடுக்காதீர்கள்

நல்ல கணக்குக்காரர்களும் சறுக்கும் இடம் இது. 12 மாத யூனிட்டைக் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்த ஒரு எண்ணை இரண்டு அட்டவணையிலும் போட்டுப் பார்ப்பார்கள். ஸ்லாப் ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்குவதால் இது தவறான விடையைத் தரும். கற்பனை விலைகளை வைத்தே பார்க்கலாம்.

'அ' கம்பெனி: முதல் 100 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200-க்கு 6, அதற்கு மேல் 500 வரை 10.
'ஆ' கம்பெனி: அதே படிகளுக்கு 3.50, 6, 8.

ஒரு வீட்டில் எட்டு மாதம் 150 யூனிட், ஏசி ஓடும் நான்கு மாதம் 420 யூனிட். சராசரி 240. அதை வைத்துப் பார்த்தால் 'அ'-வில் மாதம் 1,140, 'ஆ'-வில் 1,190. ஆண்டுக்கு 'அ' 600 ரூபாய் மலிவு என்று தோன்றும்.

மாதவாரியாகப் போடுங்கள். 150 யூனிட் மாதத்தில் 'அ' 600, 'ஆ' 650. 420 யூனிட் மாதத்தில் 'அ' 2,700, 'ஆ' 2,510. ஆண்டு மொத்தம் 'அ' 15,600, 'ஆ' 15,240. விடை தலைகீழாகிவிட்டது. 240 என்ற சராசரி ஒருபோதும் 300-ஐத் தொடுவதில்லை. வீடோ நான்கு மாதமும் 120 யூனிட்டை மேல்படியில் எரிக்கிறது. மும்பையில் ஏப்ரல், மே போக அக்டோபர் வெயிலும் உண்டு, அந்த மாதங்களைத் தனியே பார்க்காத கணக்கு உதவாது.

யூனிட் விலை மட்டும் விலை அல்ல

மேலே பார்த்தது மின்சாரத்தின் விலை மட்டும். அதோடு நிலைக் கட்டணம், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீலிங் சார்ஜ், எரிபொருள் சரிக்கட்டல் கட்டணம், கடைசியில் இவற்றின் மேல் 16 சதவீத மின்சார வரி. இதில் வீலிங் சார்ஜ்தான் பலரை ஏமாற்றும். அது கம்பிக்கான வாடகை. நீங்கள் கம்பெனி மாறினாலும் கம்பி பழைய கம்பெனியுடையதுதான் என்றால், கம்பிக்காரர் அட்டவணையில் உள்ள வீலிங் சார்ஜையே போட வேண்டும். புதிய கம்பெனியின் அட்டவணையில் அச்சிட்டிருக்கும் வீலிங் சார்ஜ் அதன் சொந்தக் கம்பியில் இருப்பவர்களுக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் லாபமாகத் தெரிந்தது நஷ்டமாகலாம். கம்பெனி மாறியவர்களுக்கென்று தனிக் கூடுதல் கட்டணம் ஏதேனும் நடப்பு ஆணையில் உண்டா என்பதையும் விண்ணப்பத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எரிபொருள் கட்டணம் மாதாமாதம் மாறும், சில மாதம் கழிவாகவும் வரும். ஒரே மாத பில்லை வைத்து "இந்தக் கம்பெனி அதிகம்" என்று முடிவு கட்டாதிருக்க இதுவே போதுமான காரணம். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் இதை விட்டுவிட்டுப் போடுங்கள், அல்லது இரண்டுக்கும் அதே ஆறு மாதத்தை எடுங்கள். விலை அட்டவணை ஆணையத்தின் கடைசி ஆணையில் உள்ளதாக இருக்கட்டும். புதிய விலை வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும். வாட்ஸாப்பில் சுற்றும் படம் எந்த ஆண்டுடையது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று ஃபேஸ் இணைப்புக்கு நிலைக் கட்டணம் அதிகம், லோடு 10 கிலோவாட்டைத் தாண்டினால் மேலும் கூடும். ஒரு ஏசி, ஒரு கீசர் உள்ள இரண்டு அறை வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரர் வாங்கி வைத்த மூன்று ஃபேஸ் தேவையா என்று யோசிக்கலாம்.

பழைய பில் இல்லாத புது வீட்டில்

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம். ஏசியின் நட்சத்திர லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. லேபிளில் 800 என்றிருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 120. ஃபிரிட்ஜ் லேபிளை 12-ஆல் வகுத்தால் போதும். 75 வாட் மின்விசிறி நாளுக்கு 15 மணி நேரம் சுற்றினால் மாதம் 34 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி என்றால் 13.5. 15 லிட்டர் கீசர் ஒரு முறை நீரை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட். மாவு கிரைண்டரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்: 150 வாட், நாற்பது நிமிடம், 0.1 யூனிட். இட்லி மாவால் பில் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. இரவும் பகலும் எரியும் 20 வாட் செட்டாப் பாக்ஸும் ரௌட்டரும் சேர்ந்து மாதம் 14 யூனிட் தின்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

சந்தேகம் இருந்தால் மீட்டரையே கேளுங்கள். முகப்பில் சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் யூனிட்டுக்கு 3,200 அல்லது 1,600 மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து ஒன்றை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையை 60,000-ஆல் பெருக்கி அச்சிட்ட எண்ணால் வகுத்தால் வாட். 3,200 மீட்டரில் நிமிடத்துக்கு 8 மினுக்கல் என்றால் 150 வாட். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, மெயினை மட்டும் விட்ட பிறகும் விளக்கு மினுக்கினால் எங்கோ மின்சாரம் போகிறது: மறந்துபோன ஒரு பிளக், கசிவு, அல்லது சால் எனும் வரிசை வீட்டுக் கட்டடத்தில் பக்கத்து வீட்டு வயர் உங்கள் மீட்டரில். மெயினையும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில் இல்லை. மீட்டர் அறையில், மெயினுக்கு முன்னால் இருக்கிறது. இதைத் தீர்க்காமல் கம்பெனி மாறி என்ன பயன்?

மாறும்போது

ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால் நேரத்துக்கு ஏற்ற விலையும் கணக்கில் சேரும். சூரிய ஒளி உள்ள நேரத்துக்கான விலை வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதி சொல்கிறது. வாஷிங் மெஷினையும் கீசரையும் பகலுக்குத் தள்ளக்கூடிய வீட்டுக்கு இது லாபம். இரவு ஏசிதான் பெரிய செலவு என்றால் உச்ச நேர விலை எத்தனை மணிக்கு முடிகிறது என்று அட்டவணையில் பாருங்கள்.

மாறுவது என்று முடிவானால் விண்ணப்பம் புதிய கம்பெனியிடம். பழைய பாக்கி ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது, டெபாசிட் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும், பழையது கணக்கு முடிந்த பின்தான் திரும்பும். அந்தத் தொகை இடையில் கையைக் கடிக்கும் என்பதைச் சேர்த்து யோசியுங்கள். மீட்டர் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புதியதன் முதல் ரீடிங், இரண்டின் வரிசை எண் என எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு கம்பெனியிலிருந்தும் பில் வரும். பில்களில் உள்ள அந்த இரண்டு ரீடிங்கும் போட்டோவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.