சட்டத்தரணி இல்லாமல் நான் போட்ட தாபரிப்பு வழக்கு

கணவர் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதமாகியும் மகளுக்குத் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு, என்று ஒரு சதம் தரவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாமல் பேசாமல் இருந்தேன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி தாயே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்று கிராம உத்தியோகத்தர் சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது.

திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை எடுத்தேன். விவாகச் சான்றிதழ் கையில் இருந்தது. சரி, விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. ஆனால் அவருடைய பழைய முகவரியை எழுதிவிட்டேன். அழைப்பாணை திரும்பி வந்தது, ஒரு தவணை வீணாய்ப் போனது. அப்புறம் வேலை செய்யும் இடத்தின் முகவரியைக் கொடுத்தேன். அடுத்த தவணைக்கு ஆள் வந்தார்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சீஆர் கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி). பால்மா, பாடசாலை வான், சப்பாத்து, காய்ச்சலுக்கு வாங்கிய மருந்து என்று மூன்று மாதச் செலவைத் தேதியோடு எழுதி, பற்றுச்சீட்டுகளை ஒட்டி வைத்திருந்தேன். "மாதம் எவ்வளவு வேண்டும்?" என்று நீதவான் கேட்டபோது கொப்பியை நீட்டினேன். கணவருடைய வருமானத்தையும் கேட்டு, மாதம் 15,000 ரூபாய் என்று கட்டளையிட்டார்கள். கட்டத் தவறினால் சம்பளத்திலேயே பிடிக்க வழியிருக்கிறது.

என்னோடு வாங்கில் இருந்த கிண்ணியா அக்காவைக் காதி நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். முஸ்லிம் விவாகம் என்றால் முதலிலேயே அங்கே போங்கள், பஸ் காசாவது மிஞ்சும்.