ஐசியூவிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் செய்ய வேண்டியவை

குழந்தைகள் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது நீடாமங்கலம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். டெங்கு, பாம்புக்கடி, தேள்கடி என்று ஐசியூ வரை போய் மீண்ட பிள்ளை வீட்டுக்கு வந்தால், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு தெருவே திரண்டு போகும். போகத்தான் வேண்டும். ஆனால் முதல் வாரம் கும்பலாகப் போகாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை அந்தத் தாய் மருந்துச் சீட்டு, ரத்தம், பணம் என்று ஓடிக்கொண்டே இருந்திருப்பாள். அழக்கூட நேரம் இருந்திருக்காது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு பெண், தூங்கும் மகன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ் எடுக்கும் வேனின் 'பீப் பீப்' சத்தம் கேட்டாலே ஐசியூ மானிட்டர் ஞாபகம் வந்து உடம்பு நடுங்கும் அவளுக்கு. அவளுடைய பெரியம்மா புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. பையன் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, "நான் முழிச்சிருக்கேன், நீ உள்ள போய்ப் படு தாயி" என்றார். முதல் ராத்திரி அவள் நாலைந்து தடவை எழுந்து வந்து பார்த்தாள். போகப் போக, பால்காரர் மணி அடிக்கும்வரை தூங்கினாள். உங்களால் செய்ய முடிந்ததில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

"அதான் பொழச்சிட்டானே, இன்னும் என்ன அழுகை?" என்று கேட்காதீர்கள். "நீ கவனிக்காம என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்ற கேள்வி அதைவிடக் கொடுமை, அதை அவள் தன்னையே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

அப்பன்காரன் வாயே திறக்க மாட்டான். நகை அடகில் இருக்கும், நடவு பாதியில் நிற்கும். எவ்வளவு செலவாச்சு என்று விசாரிக்காமல், வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வரப்பில் கூட நடக்கும்போது தானாகப் பேசுவான்.

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். மயக்க மருந்தில் கிடந்த குழந்தைகள் இல்லாததையெல்லாம் கண்டிருப்பார்கள். "சுவர்ல பல்லி பல்லியா ஊர்ந்துச்சு" என்பான். பொய் சொல்லாதே என்று அதட்ட வேண்டாம். "பயமா இருந்துச்சா? அது மருந்தால வந்தது, இப்ப இல்ல" என்றால் போதும். பாயை நனைப்பது, அம்மா முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்வது, எடுத்ததற்கெல்லாம் கோபப்படுவது, எல்லாம் கொஞ்ச நாள் இருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து பொம்மைக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கள். மனதில் கிடப்பது விளையாட்டில் வெளியே வரும். பாவம் என்று கேட்டதையெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். பழைய நேரத்துக்குச் சாப்பாடு, பழைய கண்டிப்பு, டாக்டர் சரி என்றதும் பள்ளிக்கூடம். அதில்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

அப்பாயி வீட்டில் விட்டுவைத்த இன்னொரு குழந்தையை யாரும் நினைப்பதில்லை. 'நான் சண்டை போட்டதால்தான் அண்ணனுக்கு இப்படி ஆச்சு' என்று அது உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கும். உன்னால் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை மட்டும் கூட்டிக்கொண்டு ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்வாருங்கள்.

வைத்தீஸ்வரன் கோயில், வேளாங்கண்ணி, நாகூர் என்று எங்கே வேண்டிக்கொண்டிருந்தாலும் நிறைவேற்றட்டும். மனசுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு போகட்டும்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, கெட்ட கனவு, ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே பதற்றம் என்று நீடித்தால் வைத்தியம் தேவை. பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசிக்கு 14416 இலவச எண். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநலப் பிரிவுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குவார்கள். நீங்களே ஓபி சீட்டு வாங்கிக் கூட உட்காருங்கள்.