குளோவிஸின் குடும்பக் கதையைத் தமிழில் எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராங்கு அரசர் குளோவிஸைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ‘பிரான்சின் முதல் மன்னர்’ என்ற தொடரோடு தொடங்குகின்றன. தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 466இல் பிறந்து 511இல் பாரிஸில் இறந்த அந்த மனிதரின் காலத்தில் பிரான்ஸ் என்றொரு நாடே கிடையாது. அவர் பிராங்கு என்ற பழங்குடி மக்களின் அரசர். அவருடைய தந்தை சில்டெரிக் அடக்கம் செய்யப்பட்ட தூர்னே நகரம் இன்று பெல்ஜியத்தில் உள்ளது. தம் இறுதி ஆண்டுகளில் குளோவிஸ் கைப்பற்றிய கொலோன் ஜெர்மனியில் உள்ளது. அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றோ ஜெர்மானியர் என்றோ உரிமை கொண்டாடுவது பின்னாளில் இரு தேசங்களுக்குள் நடந்த பங்காளிச் சண்டை. அதை ஐந்தாம் நூற்றாண்டிற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, நமக்குச் சொல்லப்படும் குளோவிஸ் யாருடைய குளோவிஸ் என்பதை மறந்துவிடக் கூடாது. அவரது திருமணம், மனமாற்றம், கொலைகள், பிள்ளைகளின் சண்டைகள் ஆகிய எல்லாவற்றையும் தொடர்கதையாகச் சொல்பவர் தூர் நகர ஆயர் கிரகோரி ஒருவரே. அவர் பிறந்ததே குளோவிஸ் இறந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னர்தான், ஆயரானது 573இல். அரசி குளோட்டில்டு கைம்பெண்ணாகத் தூர் நகரில்தான் வாழ்ந்து மறைந்தார் என்பதால், அந்த ஊர்த் தேவாலயத்தில் வழங்கிய செய்திகளைக் கிரகோரி கேட்டறிந்திருக்கலாம். ஆனால் கேட்டறிந்தது வேறு, கண்டறிந்தது வேறு. குளோவிஸ் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட சில கடிதங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவை கிரகோரியோடு முரண்படும் இடங்களில் எதை நம்புவது என்று யோசிக்காமலே கிரகோரியைப் பெயர்த்து எழுதிவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளின் ஊற்று.

தந்தையிடமிருந்தே தொடங்கலாம். காட்டிலிருந்து புறப்பட்டு வந்த ஒரு முரட்டுக் கூட்டத்தின் தலைவராகக் குளோவிஸைச் சித்திரிப்பது கதைக்குச் சுவை கூட்டலாம், ஆனால் சில்டெரிக்கின் கல்லறை அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1653இல் தூர்னேயில் கட்டட வேலைக்காக மண் தோண்டியபோது அது வெளிப்பட்டது. ‘சில்டெரிக் அரசருடையது’ என்று இலத்தீனில் பொறித்த பொன் முத்திரை மோதிரம் அதில் இருந்தது. மோதிரத்தின் முகப்பில் தோள்வரை தொங்கும் கூந்தலோடு, உரோமப் படைத்தலைவருக்குரிய உடையில், கையில் ஈட்டி ஏந்திய ஓர் உருவம். நீண்ட கூந்தல் பிராங்கு அரசகுலத்தின் அடையாளம், உடையும் எழுத்தும் உரோமுக்குரியவை; இரண்டும் ஒரு விரல்நுனி அளவில் சேர்ந்திருக்கின்றன. கல்லறையில் கிடைத்த பொன் தேனீக்களைப் பார்த்துத்தான் நெப்போலியன் தம் பேரரசின் சின்னமாகத் தேனீயை எடுத்துக்கொண்டார். 1831இல் பாரிஸில் நடந்த திருட்டில் அந்தப் புதையலின் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது, மோதிரமும் போய்விட்டது. இன்று நாம் காண்பது அதன் வார்ப்பு நகலை மட்டுமே. படத்தின் கீழே ‘அசல் மோதிரம்’ என்று குறிப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தந்தை இறந்தபோது ஏறத்தாழ பதினைந்து வயதிலிருந்த குளோவிஸுக்கு ரைம்ஸ் ஆயர் ரெமிஜியுஸ் எழுதிய கடிதமும் உள்ளது. அது உரோம மாகாணம் ஒன்றின் நிர்வாகத்தை ஏற்கும் இளைஞருக்கு ஒரு பெரியவர் சொல்லும் அறிவுரையாகவே இருக்கிறது.

தந்தைக்கு மேலே போனால் வழுக்குநிலம். குளோவிஸின் மெரோவிங்கிய வம்சத்துக்குப் பெயர் தந்த மெரோவெக்கை ‘வம்சத்தை நிறுவிய மாவீரர்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கிரகோரியோ, அவர் முந்தைய அரசர் குளோகியோவின் வழிவந்தவர் என்று ‘சிலர் சொல்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். தாய் கடலில் நீராடப் போனபோது ஒரு கடல்விலங்கு எதிர்ப்பட்டது, அதன் பின் பிறந்தவரே மெரோவெக் என்ற கதை ஏழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஃப்ரெடெகரின் வரலாற்றில்தான் வருகிறது. அதைக் கதை என்று சொல்லியே எழுதலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே காத்திருக்கும் கண்ணிகளும் உண்டு. முதல் கண்ணி பெயர்கள். சில்டெரிக் குளோவிஸின் தந்தை. சில்பெரிக் அவருடைய மாமனார். சில்டெபெர்ட் அவருடைய மகன். மனைவி பெயரும் குளோட்டில்டு, மகள் பெயரும் குளோட்டில்டு. மூத்த மகன் தியூடெரிக். தங்கையின் கணவரோ இத்தாலியை ஆண்ட கிழக்குக் கோத்திய மாமன்னர் தியோடெரிக். ஒலிபெயர்ப்பில் ஓரெழுத்துத் தவறினால் மகன் மைத்துனராகிவிடுவார். ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்துவடிவத்தைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே கையாள்வதும், பெயர் வரும்தோறும் உறவுமுறையை ஒட்டி எழுதுவதும் நல்லது.

உறவுமுறை என்றதும் இரண்டாவது கண்ணி. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்றால் முடிந்தது. தமிழில் யார் என்று சொல்லியாக வேண்டும். குளோட்டில்டுவின் தந்தை சில்பெரிக்கைக் கொன்றதாகச் சொல்லப்படும் பர்கண்டிய அரசர் குண்டோபாதை ‘மாமா’ என்று எழுதிவிடுவதைக் காண்கிறோம். அவர் தந்தையின் உடன்பிறந்தவர். நான்கு சகோதரர்களில் அவர் பெயரையே கிரகோரி முதலில் சொல்வதால் பெரியப்பா என்று கொள்ள இடமுண்டு, ஆனால் மாமாவாக முடியவே முடியாது. பங்காளிக்கும் மாமன் முறைக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கதையின் உயிர். அதைத் தவறவிட்டால் சண்டை எதற்காக என்பதே விளங்காது.

மூன்றாவது கண்ணி சமயச் சொல். குளோவிஸ் காலத்துக் கோத்திய, பர்கண்டிய அரசர்கள் பலர் பின்பற்றிய கிறிஸ்தவப் பிரிவை ‘ஆரியக் கிறிஸ்தவம்’ என்று பெயர்த்துவிட்டால், தமிழ் வாசகர் மனத்தில் உடனே எழுவது வேறொரு விவாதம். அதற்கும் இனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிறிஸ்துவைத் தந்தைக் கடவுளுக்குக் கீழ்ப்பட்டவராகக் கொண்டதற்காக 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் கண்டித்த அலெக்சாந்திரிய குரு ஆரியுசின் பெயரால் வந்தது அது. ‘ஆரியுசின் கொள்கை’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. குளோவிஸ் குடும்பத்தில் அந்தக் கொள்கை எட்டிப் பார்த்ததும் உண்மை: அவருடைய சகோதரி லாண்டெகில்டு அதைக் கைவிட்டே கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தார் என்கிறார் கிரகோரி. ஆக, குடும்பம் முழுவதும் பழைய தெய்வங்களை வணங்கிக்கொண்டிருக்க ஒரே நாளில் ஒளி புகுந்தது என்ற சித்திரம் நிற்காது.

குளோவிஸின் திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) பற்றி எழுதாத கட்டுரை இல்லை. ‘496இல் தோல்பியாக் போர்க்களத்தில் நேர்ந்துகொண்டு ரைம்ஸில் திருமுழுக்குப் பெற்றார்’ என்ற வாக்கியத்தைப் பாடநூல்களும் சலிக்காமல் திருப்பிச் சொல்கின்றன. இந்த ஒரு வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் ஒரு போர், பத்தாம் ஆண்டில் ஒரு போர், பதினைந்தாம் ஆண்டில் அலமான்னியர் என்ற ஜெர்மானிய இனத்தாரோடு போர், இறப்பும் 507இல் மேற்குக் கோத்தியரை வென்ற வூயே போருக்குப் பின் ஐந்தாம் ஆண்டில் என்று கிரகோரி ஐந்தைந்தாகவே எண்ணிப்போகிறார். எந்த மனிதரின் வாழ்க்கையும் இவ்வளவு ஒழுங்காக ஐந்தால் வகுபடாது. 496 என்பது அந்தப் பதினைந்தாம் ஆண்டிலிருந்து கணக்கிட்டது. மறுபுறம், அலமான்னியரைக் குளோவிஸ் வென்றதற்கு வாழ்த்துச் சொல்லி, எஞ்சியவர்களிடம் இரக்கம் காட்டுமாறு கேட்டு, கூடவே ஒரு யாழிசைக் கலைஞரையும் அனுப்பிவைத்து மைத்துனர் தியோடெரிக் எழுதிய கடிதம் 506ஐ ஒட்டியது. இதனால் திருமுழுக்கை 508 வரை தள்ளிவைக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ‘496 முதல் 508 வரையிலான ஆண்டுகளுள் ஒரு கிறிஸ்துமஸ் நாளில்’ என்று எழுதுவதே நேர்மை. கிறிஸ்துமஸ் நாள் என்பது வியன் நகர ஆயர் அவிட்டுஸ் அரசருக்கே எழுதிய வாழ்த்துக் கடிதத்திலிருந்து கிடைப்பது. போர்க்கள வேண்டுதலைச் சொல்லும் கிரகோரி அந்தப் போர்க்களத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. தோல்பியாக் என்ற பெயர் வேறோர் இடத்தில், கொலோன் அரசர் சிகிபெர்ட் முழங்காலில் அடிபட்டு நொண்டியான போரைப் பற்றிச் சொல்லும்போது வருகிறது. பிற்காலத்தவர் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்கள். திருமுழுக்கின்போது புறா திருத்தைலக் குப்பியைக் கொண்டுவந்த அற்புதமோ ஒன்பதாம் நூற்றாண்டில் ரைம்ஸ் பேராயர் ஹிங்மாரின் எழுத்தில் வேரூன்றியது. முடிசூட்டு உரிமை தம் தேவாலயத்துக்கே உரியது என்று வாதாடியவர் அவர் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

மனைவியின் கதையில் பழிவாங்கும் மோகம் சற்றுக் கூடுதலாகவே பூசப்படுகிறது. குண்டோபாத் குளோட்டில்டுவின் தந்தையை வாளால் வெட்டினார், அவருடைய தாயின் கழுத்தில் கல்லைக் கட்டி நீரில் தள்ளினார், அதற்காகக் குளோட்டில்டு 523இல் தன் மகன்களைப் பர்கண்டியின் மீது ஏவினார் என்பது கிரகோரி தரும் வடிவம். ஆனால் குண்டோபாத் 516இலேயே இறந்துவிட்டார். முப்பது ஆண்டுகள் பொறுத்திருந்த பழி, குற்றவாளி போன பிறகு அவர் மகன்மீது இறங்கியது என்று நம்ப வேண்டியிருக்கிறது. தம் சகோதரர்களின் மரணத்துக்காகக் குண்டோபாத் கண்ணீர் விட்டதாக அவருக்கே எழுதிய கடிதத்தில் அவிட்டுஸ் நினைவூட்டுகிறார். அது ஆயரின் முகத்துதியாகவும் இருக்கலாம். எனினும் சமகாலச் சான்றை மறைத்துவிட்டு ஒரு பக்கக் கதையை மட்டும் சொல்வது முறையல்ல. பர்கண்டியின் வளமான நிலத்துக்கு ஆசைப்பட மூன்று இளம் அரசர்களுக்குத் தாயின் தூண்டுதல் தேவைப்பட்டிருக்குமா என்பது என் ஐயம்.

பிள்ளைகளை எண்ணும்போது நான்கு மகன்களும் குளோட்டில்டு பெற்றவர்கள் என்று எழுதுவது பரவலான பிழை. தியூடெரிக் அதற்கு முன்பே வேறொரு பெண்ணிடம் பிறந்தவர். அவள் பெயர் எங்கும் இல்லை. கிரகோரி அவளை ஆசைநாயகி என்கிறார். அதனால் தியூடெரிக் உரிமையற்ற பிள்ளை என்று முடிவுகட்டுவது அடுத்த பிழை, ஏனென்றால் 511இல் ஆட்சிப்பகுதி பிரிக்கப்பட்டபோது ரைம்ஸை மையமாகக் கொண்ட பெரும்பகுதி அவருக்கே போனது. குளோடோமருக்கு ஓர்லியான், சில்டெபெர்ட்டுக்குப் பாரிஸ், குளோத்தருக்குச் சுவாசோன். குளோட்டில்டுவின் தலைப்பிள்ளையாக எண்ணப்பட வேண்டிய இங்கோமர் திருமுழுக்கு வெள்ளாடை களையும் முன்னரே இறந்த குழந்தை. பட்டியல்களில் அவனுக்கும் ஓர் இடம் தர வேண்டும். இந்தப் பாகப்பிரிவினை பிராங்குகளின் சாலிக் சட்டப்படி நடந்தது என்பதும் ஆதாரமற்றது. அந்தச் சட்டம் குடும்ப நிலத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர அரியணையைப் பற்றிப் பேசவில்லை. பெண்ணுக்கு முடி கிடையாது என்ற வாதத்துக்கு அதைச் சான்றாக இழுத்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்கள்.

524இல் பர்கண்டியரோடு நடந்த வெசெரோன்ஸ் போரில் குளோடோமர் மாண்டார். அவருடைய மூன்று சிறுவர்களையும் பாட்டி குளோட்டில்டு தன்னிடம் வளர்த்துவந்தார். முடிசூட்டப்போகிறோம் என்று சொல்லிச் சிறுவர்களை வரவழைத்துக்கொண்ட சித்தப்பாக்கள் சில்டெபெர்ட்டும் குளோத்தரும், ஆர்க்காடியுஸ் என்பவரிடம் ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் கொடுத்து அரசியிடம் அனுப்பினார்கள். பேரன்கள் முடி மழிக்கப்பட்டு வாழ்வதா, வெட்டுண்டு சாவதா என்பது கேள்வி. அரசாள முடியாதென்றால் மழித்த தலையோடு காண்பதைவிடப் பிணமாகக் காண்பதே மேல் என்று கலங்கிய நிலையில் அரசி சொல்லிவிட்டார். பத்து வயதுப் பையனைக் குளோத்தர் தரையில் தள்ளி அக்குளில் கத்தியைப் பாய்ச்சினார். ஏழு வயதுச் சிறுவன் சில்டெபெர்ட்டின் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு கதறினான்; அவரும் அழுதபடி தம்பியிடம் உயிர்ப்பிச்சை கேட்டார்; இந்தக் காரியத்தைத் தொடங்கியது நீர்தானே என்று குளோத்தர் சீறியதும் பிடித்திருந்த பிள்ளையைத் தள்ளிவிட்டார். மூன்றாமவன் குளோடோவால்டு தப்பித் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிஸை ஒட்டிய சேன்-குளூ என்ற ஊர்ப்பெயரில் இன்றும் இருப்பவன் அவன்தான்.

இதைப் படிக்கிற நாம் பாட்டியைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதிவிடுகிறோம். மோதிரத்து உருவத்தின் கூந்தலை நினைவில் வைத்துக்கொண்டால்தான் கேள்வியின் கொடுமை புரியும்: முடியை இழந்த மெரோவிங்கியன் அரசகுலத்தானாகவே கருதப்படமாட்டான். முடி வளர்ந்துவிடும் என்பதும் சித்தப்பாக்களுக்குத் தெரியாததல்ல.

குளோவிஸ் தம் உறவுக்காரர்களைத் தீர்த்துக்கட்டியதையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். கொலோன் சிகிபெர்ட்டும் அவர் மகனும், இன்னொரு பிராங்கு அரசர் சாராரிக், காம்ப்ரே நகரின் ரக்னக்கார், அவருடைய சகோதரர்கள் என்று அனைவரும் வூயே போருக்குப் பின் வரிசையாகக் கொல்லப்பட்டதாகக் கிரகோரி அடுக்குகிறார். கதைக்கு வசதியாக அவர் ஒரே இடத்தில் தொகுத்திருக்கக்கூடும். சாராரிக் மீதான குற்றம் ஆட்சியின் தொடக்கத்தில் உதவிக்கு வராமல் ஒதுங்கி நின்றது; அதற்கான தண்டனை இத்தனை காலம் காத்திருந்திருக்குமா? தமக்கு உறவென்று ஒருவரும் மிஞ்சவில்லையே என்று அரசர் புலம்பினாராம்; துக்கத்தால் அல்ல, இன்னும் யாராவது இருந்தால் வெளிப்பட்டுவிடுவார்கள், கொன்றுவிடலாம் என்பதற்காக. ஆயரின் இந்த எள்ளலை அரசரின் வாக்குமூலமாக மேற்கோள் காட்டுவது கூடாது.

இறுதியாகப் படம். குளோவிஸின் கல்லறை என்று பலரும் இணைத்துவிடுவது சேன்-தெனி தேவாலயத்தில் கிடக்கும் கற்சிலை. அது 13ஆம் நூற்றாண்டில், அவர் இறந்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், அவர் அடக்கமான பாரிஸ் தேவாலயத்துக்காகச் செதுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில்தான் சேன்-தெனிக்கு வந்தது. அவரும் பின்னர் குளோட்டில்டும் அடக்கம் செய்யப்பட்ட அந்தத் தேவாலயம் 1807இல் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தின் வழியே இப்போது ஒரு தெரு போகிறது. தெருவுக்குப் பெயர் குளோவிஸ்.