வண்டு கொன்ற மரத்தை எரிபொருளாக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990களில் பெருகத் தொடங்கிய மலைப் பைன் வண்டு, ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர் காட்டில் பரவியது. ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். பட்டைக்கு அடியில் துளைத்து முட்டையிடும்போது நீலக்கறைப் பூஞ்சையையும் உள்ளே கொண்டுபோய்விடும். இரண்டும் சேர்ந்து மரத்துக்குள் நீர் ஏறும் வழியை அடைத்துவிடுகின்றன. மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் குளிர்தான் முன்பு இந்த வண்டின் புழுக்களைக் கொன்றுவந்தது. குளிர்காலம் மிதமானதும் அந்தக் கடிவாளம் போயிற்று. அறுவைக்கு உகந்த பைன் மரங்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின.

இவ்வளவு மரத்தையும் மக்கவிடாமல் வெப்பமாகவோ மின்சாரமாகவோ மாற்ற நினைப்பது நியாயம்தான். ஆனால் ‘செத்த மரம்தானே, சும்மா கிடைக்கும்’ என்று கணக்குப் போட்டால் திட்டம் தொடக்கத்திலேயே சறுக்கும். மரத்துக்கு விலை இல்லாவிட்டாலும் வெட்டுவதற்கும், சரிவிலிருந்து இறக்குவதற்கும், சீவலாக்குவதற்கும், லாரி வாடகைக்கும் பணம் வேண்டும். மரச்சீவல் லாரியில் நிறைய இடத்தை அடைக்கும், அதற்கேற்ற ஆற்றலைத் தராது. ஆலைக்கும் காட்டுக்கும் உள்ள தூரம் கூடக் கூட லாபம் சாலையிலேயே கரைந்துபோகும்.

நல்ல கட்டையை நேராக பாய்லருக்கு அனுப்புவதும் தவறு. நீலக்கறை மரத்தின் நிறத்தைத்தான் கெடுக்கிறது, வலிமையை அவ்வளவாகக் குறைப்பதில்லை. அறுக்கக்கூடியதை முதலில் மர அறுவை ஆலைக்கு அனுப்பிவிட்டு, அங்கே மிஞ்சும் தூளையும் பட்டையையும் ஓரச் சில்லுகளையும் எரிபொருளாக்குவதே முறை. வீட்டுச் சட்டமாகிற பலகை பல பத்தாண்டுகள் கார்பனைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது காலக்கணக்கு. தாக்கப்பட்ட மரம் அடுத்த கோடையில் சிவக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் ஊசியிலைகள் உதிர்ந்து சாம்பல் நிறமாகும். அதன்பின் தண்டில் வெடிப்புகள் விழுந்து பலகைக்கான மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். எரிக்கும் மதிப்பு அப்படிச் சட்டெனக் குறையாது. ஆனால் அடி மக்கி மரம் சாய்ந்து ஈரத்தில் கிடந்தால் அதுவும் போய்விடும். பழைய கணக்கெடுப்பை நம்பி இருபது ஆண்டுக் கடனில் ஆலை கட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இனி இவ்வளவு மரம் கிடைக்காது என்ற காரணத்தால் 2013 அக்டோபரில் அதே மாகாணத்தின் கெனெல், ஹூஸ்டன் என்ற இரண்டு சிற்றூர்களில் அறுவை ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள். அறுவை ஆலை நின்றால் அதன் கழிவை நம்பியிருக்கும் பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு எரிகட்டிகள்) ஆலைக்கும் மூலப்பொருள் நின்றுபோகும்.

இதுவரை சொன்ன தவறுகளில் பணம்தான் போகும். தூசியை அலட்சியம் செய்தால் உயிர் போகும். பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். வண்டு கொன்று நின்றபடியே காய்ந்த மரத்தில் அது 20 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். உலர்த்தும் செலவு மிச்சம் என்று இதைக் கொண்டாடுவார்கள். ஆனால் காய்ந்த மரத்தை அறுத்தால் வரும் தூள் மிக நுண்மையானது, உடனே தீப்பிடிக்கக் கூடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரி 20 அன்று பர்ன்ஸ் லேக் ஊரிலும் ஏப்ரல் 23 அன்று பிரின்ஸ் ஜார்ஜிலும் அறுவை ஆலைகள் வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் தீக்காயங்களோடு தப்பினார்கள். இரண்டுமே மரத்தூசி வெடிப்புகள் என்று விசாரணை சொன்னது. தரையைக் கூட்டினால் மட்டும் போதாது. உத்தரங்களின் மேலும் விளக்குகளின் மேலும் படியும் மெல்லிய படலம்தான் முதல் சிறு வெடிப்பின் அதிர்வில் கிளம்பிப் பெரிய வெடிப்புக்குத் தீனியாகிறது. அதைக் காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது, உறிஞ்சி எடுக்க வேண்டும். சூடேறும் பேரிங்குகளைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், பெல்லட் கிடங்கு. குவிந்து கிடக்கும் பெல்லட் மெல்ல ஆக்சிஜனேற்றமாகிக் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. மூடிய கிடங்கில் இறங்கியவர்கள் ஐரோப்பாவில் இறந்திருக்கிறார்கள். காற்றோட்டமும் வாயுமானியும் இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

‘எல்லாம் காய்ந்த மரம்தானே’ என்று ஈரத்தை அளக்காமல் வாங்குவதும் வழக்கமாக நடக்கிற ஒன்று. பனி படிந்த சுமை வந்தால் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு லாரியிலும் மாதிரி எடுத்து, உலர் எடைக்கே பணம் கொடுங்கள். கட்டையை மண்ணில் இழுத்து வந்திருந்தால் சாம்பல் கூடும், அது உருகிப் பாய்லர் தட்டில் கட்டிபிடிக்கும்.

காட்டுக்குள் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. சாம்பல் நிற மரத்திலிருந்து வண்டுகள் எப்போதோ பறந்துபோய்விட்டன. அதை வெட்டினால் பரவல் நிற்கும் என்பது தவறான எண்ணம். அந்த மரங்களின் அடியில் ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற வேறு ஊசியிலை மரங்களின் கன்றுகள் உயிரோடு நிற்கும். கனரக எந்திரங்களை விட்டு மொட்டையடித்தால் நாளைய காட்டையே நசுக்கிவிடுகிறோம். செத்த மரத்தை எரிப்பதால் கார்பன் கணக்கு தானாக நேராகிவிடுவதும் இல்லை. நின்று மக்கினால் பல ஆண்டுகளில் மெல்ல வெளியேறுவது, எரித்தால் ஒரே நாளில் வெளியேறுகிறது. அந்த வெப்பம் நிலக்கரியையோ டீசலையோ உண்மையில் விலக்குகிறதா, வெட்டிய இடத்தில் காடு திரும்பி வளர்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் லாபம்.

திரவ எரிபொருள் கனவிலும் நிதானம் வேண்டும். காற்றில்லாமல் மரத்தைச் சூடாக்கிப் பெறும் எண்ணெயில் கால் பங்கு வரை தண்ணீர் இருக்கும், அமிலத்தன்மையும் உண்டு. அப்படியே டீசலோடு கலக்காது. ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரிக்கச் செலவு மிகுதி. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பைன் மரத்திலிருந்து எரிபொருள் எடுக்க ஆலை கட்டிய கியோர் நிறுவனம் 2014இல் திவாலானது. மரத்தை எரித்து மின்சாரம் மட்டும் எடுத்தால் அதன் ஆற்றலில் கால் பங்குதான் கைக்கு வரும், வெப்பமாகவே பயன்படுத்தினால் முக்கால் பங்குக்கு மேல் கிடைக்கும். எனவே காட்டோரச் சிற்றூரின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வெப்பம் தரும் ஒரு சிறிய பாய்லரிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். அது ஆண்டுக்கு எவ்வளவு மரம் கேட்கும் என்று பார்த்த பிறகு எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்யலாம்.